அக்காவும் அக்கியும்

என் இடது சிறுநீரகம் இப்போது என்னிடம் இல்லை. அக்காவிடம் இருக்கிறது. ஐம்பத்திரண்டு வருடம் என்னோடு இருந்தபோது அது என்ன வேலை பார்த்தது என்று எனக்குத் தெரியாது. அக்காவிடம் போன மூன்றாம் நாளே சுறுசுறுப்பாகிவிட்டது. பிறந்த வீட்டில் பத்து மணி வரை தூங்கிய பெண் புகுந்த வீட்டில் விடியுமுன் வாசல் தெளித்த கதைதான். இந்தத் தமாஷை ஆஸ்பத்திரியிலேயே பதினைந்து பேரிடம் சொல்லிவிட்டேன். பதினாறாவதாக அக்காவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

"சும்மா கிடலே. தையல் பிரிஞ்சிரப் போகுது" என்றாள்.

சிந்துபூந்துறையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவள் கணவரை இழந்து திரும்பி வந்தவள். நான் எங்கேயும் போகாதவன். எனக்குப் பெண் அமையவில்லை என்பது என் கட்சி. பெண்கள் தப்பித்துக்கொண்டார்கள் என்பது அக்காவின் கட்சி. வண்ணார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் எனக்கு வேலை. இருபத்தாறு வருடமாக ஊரார் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, வெள்ளையணுக்களைத் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் எனக்கு உடம்பைப் பற்றி எல்லாம் தெரியும் என்று தெருவில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கை எனக்கும் இருந்ததுதான் இந்தக் கதையின் முதல் கோளாறு.

வேறொருவர் சிறுநீரகத்தை உள்ளே வைத்தால், உடம்பின் காவல் அணுக்கள் அதைத் திருடன் என்று நினைத்து அடிக்கும். அடிக்காமல் இருக்க, தினமும் காலையில் அக்கா மாத்திரைகள் போடவேண்டும். காவலை வேண்டுமென்றே தூங்கவைக்கிற மாத்திரைகள். அதில் ஒன்று ஸ்டீராய்டு. வாரம் ஒருமுறை நானே அவள் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பேன். "என் சொத்து எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு லேபுக்குக் கிளம்புவேன். மெஷினில் அந்த ரத்தத்தை வைத்துவிட்டு எண் வரும்வரை அங்கேயே நிற்பேன். எண் சரியாக வந்தாலும் நம்ப மாட்டேன். இரண்டாவது தடவை ஓட்டுவேன். மூன்றாவது தடவையும் ஓட்டுவேன். அப்புறம் அக்காவுக்குப் போன் செய்து, "வாடகைக்காரன் ஒழுங்கா இருக்கான்க்கா" என்பேன். அவள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சாப்பாடுதான் உள்ளே இறங்காது.

மூன்று மாதம் இப்படிப் போனது. அக்கினி வெயில் தொடங்கிய வாரத்தில், இடது விலாவில் யாரோ ஒரு விரலை வைத்தது போல இருந்தது. தொட்டுப் பார்த்தால் ஒன்றும் இல்லை. விரல் மட்டும் இருந்தது. சட்டை பட்டால் எரிந்தது. சிறுநீரகம் எடுத்த தழும்பும் அதே பக்கம் என்பதால், தையல் போட்ட இடம் பழைய நண்பனைத் தேடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் அங்கே சிவந்தது. அதற்கு அடுத்த நாள், முதுகுத்தண்டில் ஆரம்பித்து நெஞ்சுக்குழி வரை அரைப் பட்டையாகக் கொப்புளங்கள்.

அக்காதான் முதலில் பார்த்தாள். துண்டோடு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏலே, திரும்பு. என்ன இது?"

"வேனக்கட்டிக்கா."

"வேனக்கட்டி இப்பிடியா வரிசை கட்டி நிக்கும்? பள பளன்னுலா இருக்கு."

"கொற்கை முத்துக்கா. கடல் பின்வாங்குன பெறவு எங்கன போச்சுன்னு எல்லாரும் தேடுதாங்க. எனக்குள்ளதான் கெடந்திருக்கு."

"போலே, கோட்டிக்காரா" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போனாள். கல்லில் சந்தனத்தை இழைத்துக்கொண்டு வந்து, வெறும் விரலால் ஒவ்வொரு கொப்புளத்தின் மேலும் பைய வைத்துப் பூசினாள். ஒன்றிரண்டு உடைந்தன. அந்த நீரைத் தன் முந்தானையில் துடைத்தாள். குளிர்ச்சியாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

அம்மைக் கொப்புளத்துக்கு எங்கள் பக்கத்தில் முத்து என்றுதான் பேர். என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். என் காதுதான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் லேபில் மைக்ராஸ்கோப் முன்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. ரத்தம் கொடுக்க வந்த ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அக்கியா? காருகுறிச்சிக்குப் போயி எழுதிக்கிட்டு வாரும்" என்றார். டாக்டரிடம் போகலாம்தான். ஆனால் வண்ணார்பேட்டை டாக்டர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும். லேப்காரனுக்கே உடம்பு சரியில்லையா என்று சிரிப்பார்கள். மற்றவர்கள் சிரிக்க நான்தான் காரணமாக இருக்கவேண்டும், என் உடம்பு இருக்கக்கூடாது என்று ஒரு வறட்டு கௌரவம். அரைநாள் லீவு போட்டு பஸ் ஏறினேன்.

மண்பாண்டம் செய்கிற வீடு. அக்கி எழுதுகிற அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். கழுத்தை ஒருபக்கம் சாய்த்துப் போனை இடுக்கிக்கொண்டு யாரிடமோ பானைக்கு ஆர்டர் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், நான் சொல்லாமலே, மணையை எடுத்துப் போட்டார்.

"சட்டையக் கழத்துங்க அண்ணாச்சி. கைய மேல தூக்குங்க."

காவிக்கல்லை உரசிக் குழம்பாக்கி, கோழி இறகால் தொட்டு, கொப்புளத்தின் மேல் எழுத ஆரம்பித்தார். சிங்கம் எழுதவேண்டுமாம். சிங்கத்தைக் கண்டால் அக்கி ஓடிவிடுமாம். குனிந்து பார்த்தேன்.

"யம்மா, இது நாய் மாதிரிலா இருக்கு."

"ஒங்க விலாவுக்கு நாய்தான் கொள்ளும். சிங்கம் வேணும்னா நல்லா சாப்பிட்டு வரணும்."

பேச்சில் எனக்குச் சரியான ஜோடி என்று நினைத்துக்கொண்டேன். அவர் அடுத்துக் கேட்டார்.

"வீட்டுல யாருக்கும் நோவா? சாவு ஏதும் விழுந்துச்சா?"

"ஏன் கேக்கிய?"

"எங்கிட்ட எழுத வாரவுகள்ல பாதிப்பேரு அப்பிடித்தான். மனசு நொந்து போயி வருவாவ. வெயிலுன்னு சொல்லுவாவ."

"எங்க வீட்டுல ஒண்ணும் இல்ல. ஒரு கிட்னி எடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்."

அவர் சிரிக்கவில்லை. இறகு அப்படியே நின்றது.

"யாருக்குக் குடுத்திய?"

"அக்காவுக்கு."

"அவுகளுக்கு அம்மை போட்டிருக்கா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"இது அதோட மிச்சம்லா அண்ணாச்சி. அம்மை போடாதவுக மேல இந்தத் தண்ணி படக்கூடாது. பச்சப்பிள்ள, மாசமா இருக்கவ, நோவாளி, யாரையும் அண்ட விடாதீய."

"எங்க ரெண்டு பேருக்கும் சின்னதுலயே போட்டாச்சு" என்றேன். ஆப்பரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் கேட்டபோதும் இரண்டு பேரும் சேர்ந்து இதையேதான் சொன்னோம்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். காவி காய்ந்து தோலை இறுக்கியது. சேரன்மகாதேவி தாண்டியது. வெயிலில் வயல் வெள்ளையாகத் தெரிந்தது. அக்காவுக்கு அம்மை போட்டதை நான் பார்த்திருக்கிறேனா என்று யோசித்தேன். பார்த்ததாக ஞாபகம் இல்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். "ரெண்டுக்கும் அம்மை போட்டு எடுத்தாச்சு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. பேட்டை வருவதற்குள் எனக்கு வேர்த்துக் காவி வழிந்து, சட்டையில் பாதிச் சிங்கம் இறங்கிவிட்டது.

நேராக லேபுக்குப் போனேன். எங்கள் லேப் டாக்டரம்மா என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். சட்டையைத் தூக்கிக் காட்டினேன். சிங்கத்தைப் பார்த்து ஒரு நொடி திகைத்தவருக்கு, அதற்குக் கீழே இருந்ததைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"எத்தனை நாளாச்சு அண்ணாச்சி?"

"கொப்புளம் வந்து மூணு நாளு."

"அக்கா தொட்டாங்களா?"

"சந்தனம் பூசுனா."

அவர் நாற்காலியைக் காட்டினார். மாத்திரைச் சீட்டு எழுதிக்கொண்டே சொன்னதை நான் எனக்குப் புரிந்த மாதிரி சொல்லுகிறேன்.

சின்ன வயதில் அம்மை வந்து போகிறது இல்லையா, அது போவதே இல்லை. அந்தக் கிருமி முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அதன் முகம் தெரிந்த காவல் அணுக்கள் வாழ்நாள் முழுக்க அந்தப் பக்கம் ரோந்து வரும். எழுந்தால் ஒரு தட்டு. இப்படியே நாற்பது, ஐம்பது வருடம் ஓடும். கவலை வந்தால், சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி ஒரு ரசாயனத்தை ரத்தத்தில் விடும். கார்டிசால் என்று பேர். எண்ணெய் மாதிரியான வஸ்து. அதனால் அணுவின் சுவரைத் தட்டாமல், கேட்காமல், ஊடுருவி உள்ளே போய்விடும். உள்ளே ஒரு புரதம் அதற்காகவே துணையாட்களோடு காத்திருக்கும். கார்டிசால் வந்து கையைப் பிடித்ததும் துணையை உதறிவிட்டு நேராக அணுவின் கருவறைக்குள் நடக்கும். அங்கேதான் எல்லாச் சமையல் குறிப்பும் இருக்கிறது. கல்யாண வீட்டில் யாரோ ஒருவன் சமையல்கட்டுக்குள் போய், "பந்திக்கு ஆள் வரல, அடுப்ப அணைச்சிருங்க" என்று சொல்வது மாதிரி, இந்தப் புரதம் மரபணுக்களின் மேல் போய் உட்கார்ந்துகொண்டு சிலதை எரியவிடும், சிலதை அணைத்துவிடும். எதிரி வந்தால் கூப்பாடு போடுகிற சரக்கு எதுவும் அப்புறம் வேகாது. காவல் அணுவுக்குக் கண் இருக்கும். வாய் இருக்காது.

"ஒரு நாள், ரெண்டு நாள் இப்படி ஆனா ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. அது நல்லதுக்குத்தான். மாசக்கணக்குல விடாம நடந்தா ரோந்து நின்னுபோகும்."

"நான் கவலையே படல மேடம். எல்லார்ட்டயும் தமாஷ்தானே பண்ணிக்கிட்டிருந்தேன்?"

அவர் என் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஏற்றி, என் மைக்ராஸ்கோப்பிலேயே வைத்தார். "நீங்களே பாருங்க."

பார்த்தேன். லிம்போசைட்டுகள், உருண்டையான ஊதா அணுக்கள், சாதாரணமாகப் பார்க்கிற இடமெல்லாம் கண்ணில் படும். கண்ணாடியை நகர்த்தி நகர்த்தித் தேடினேன். ஊரடங்கு போட்ட தெரு மாதிரி இருந்தது. இங்கே ஒன்று, வெகுதூரம் தள்ளி அங்கே ஒன்று. அடுத்தவர் ரத்தமாக இருந்தால் சீட்டில் குறித்துவிட்டு அடுத்ததை எடுத்திருப்பேன். இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது.

"இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. வயசும் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஆனா அக்கா போடுற ஸ்டீராய்டு மாத்திரையும் ஒங்க கார்டிசாலும் ஒரே பூட்டுக்கு ரெண்டு சாவி. அவங்களுக்கு நாமளே பூட்டி வச்சிருக்கோம். அவங்களுக்கு அம்மை வந்தா அது சும்மா அம்மையா இருக்காது. நுரையீரலுக்குப் போகும், ஈரலுக்குப் போகும். கிட்னி மட்டுமில்ல அண்ணாச்சி, ஆளே…" அதோடு நிறுத்திவிட்டார். "சின்ன வயசுல அவங்களுக்கு வந்தது எந்த அம்மைன்னு நல்லாத் தெரியுமா?"

எந்த அம்மை. ஆஸ்பத்திரியிலும் "அம்மை வந்திருக்கா" என்றுதான் கேட்டார்கள். நாங்களும் வந்திருக்கு என்றோம். எங்கள் வீட்டில் அம்மை என்றால் அம்மைதான். அதைப் பேர் சொல்லிப் பிரித்துப் பேசினால் ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்று அம்மா பேச விட்டதில்லை.

லேப் வாசலில் நின்று அக்காவுக்குப் போன் செய்தேன். பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன.

"எக்கா, சின்னப்பிள்ளையில ஒனக்கு அம்மை போட்டுச்சுல்லா?"

"போட்டுச்சே. இப்ப என்ன திடீர்னு?"

"எப்பிடி இருந்துச்சு?"

"என்ன எப்பிடி இருந்துச்சு? அம்மா தன் சங்கிலியக் கழத்தி என் கழுத்துல போட்டுவிட்டா. நீ எனக்கும் சங்கிலி வேணும்னு தரையில உருண்டு அழுத. மறந்துட்டியாக்கும்?"

மறக்கவில்லை. அந்தச் சங்கிலி கண்முன்னால் வந்தது. வீங்கிய கழுத்தில் பதிந்து கிடந்த தங்கச் சங்கிலி.

"கன்னம் வீங்கிச்சோ?"

"ரெண்டு பக்கமும் வீங்கிச்சு. நீ என்னைப் பரங்கிக்கான்னு கூப்புடுவ."

தங்கம் போடுவது பொன்னுக்கு வீங்கிக்கு. எங்கள் வீட்டில் அதற்கு அம்மைக்கட்டு என்று பேர். அதில் கட்டு எப்போதோ உதிர்ந்துபோய், அம்மை மட்டும் அம்மாவின் வாயில் நின்றுவிட்டது. எனக்கு முத்து போட்டபோது சங்கிலி போடவில்லை. வேப்பிலைப் படுக்கைதான். அப்போது அக்கா வீட்டிலேயே இல்லை, ஆறுமுகநேரியில் சித்தி வீட்டில் இருந்தாள். இது இரண்டும் எனக்கு நாற்பத்தைந்து வருடமாகத் தெரியும். சேர்த்துவைத்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

"எக்கா," என்றேன், "கைய சோப்புப் போட்டு நல்லாக் கழுவு."

"ஏம்லே?"

மூன்று நாள் கழித்துக் கையைக் கழுவச் சொல்கிறவனிடம் ஒரு தமாஷாவது இருக்கவேண்டும். தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

அவள் ரத்தத்தை அன்று நான் எடுக்கவில்லை. வேறு ஆள் போய் எடுத்துவந்தார். கொப்புள அம்மைக்கான எதிர்ப்புச் சக்தி அவள் ரத்தத்தில் இருக்கிறதா என்று டாக்டரம்மாவே பார்த்தார். மறுநாள் மதியம் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலையை ஆட்டினார். இல்லை. உடனே ஆப்பரேஷன் செய்த மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன். பக்கத்து வீட்டுக்காரர் காரில் அக்காவைக் கூட்டிப்போனார். பாதுகாப்பு ஊசி போட்டு, மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். ஊசி போட்டிருப்பதால் நான்கு வாரம் பார்க்கவேண்டும், அதற்குள் ஒரு கொப்புளம் தெரிந்தாலும் உடனே வரவேண்டும் என்றார்கள்.

அக்கா மாடியில். நான் பின்வாசல் அறையில். சாப்பாட்டை அவள் மாடியில் செய்துகொண்டாள். எனக்குக் கடை இட்லி. பேசுவதெல்லாம் போனில். மத்தியானங்களில் மேலே அவள் நடக்கிற சத்தம் கேட்கும். நின்றால் ஏன் நின்றாள் என்று இருக்கும். உட்கார்ந்து தடவிப் பார்க்கிறாளோ என்று இருக்கும். என் கொப்புளங்கள் காய்ந்து பக்கு விட்டன. விரல் மட்டும் போகவில்லை. விலாவில் அதே இடத்தில், தொட்டுக்கொண்டே இருந்தது.

ஏழு வயதில் அந்த இடத்தைத்தான் அம்மா வேப்பிலைக் கொத்தால் தடவிவிடுவாள். சொறியக்கூடாது என்று கையைப் பிடித்துக்கொள்வாள். அந்த வெயில்காலத்திலேயே கிருமி உள்ளே நுழைந்து நரம்பில் படுத்துக்கொண்டது. அப்புறம் நான் பேசியதையெல்லாம் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம். பரீட்சையில் தோற்றுவிட்டு அடித்த தமாஷ், பெண் பார்க்கப் போய் வந்து அடித்த தமாஷ் எல்லாம். ஊரே சிரித்தது. அணுக்களுக்குக் காது கிடையாது. அவற்றுக்கு வருவது ரத்தத்தில் வருகிற தபால் மட்டும்தான், அதில் நான் எழுதாத கடிதம் தினமும் போயிருக்கிறது. உள்ளே படுத்திருந்ததுதான் அதைப் படித்த ஒரே ஆள்.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் போன் அடித்தது.

"லே, வயித்துல ஒண்ணு தெரியுது."

மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படியேறினேன். மூடிய கதவின் பக்கத்து ஜன்னலுக்கு அந்தப்புறம் நின்றாள். சேலையை லேசாக விலக்கினாள். தொப்புளுக்கு மேலே, சிவப்பாக, ஒன்றே ஒன்று. மாத்திரையால் உப்பிய முகம், அன்றைய பரங்கிக்காய் மாதிரியே இருந்தது. வாய் தானாகத் திறந்தது.

"கொற்கைல இருந்து ஒனக்கும் ஒரு…"

"வாய மூடு." அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நீ தமாஷ் பண்ணுனாத்தாம்லே எனக்குப் பயமாருக்கு. அம்மா செத்தன்னிக்கும் நீ பந்தல்காரன்கிட்ட தமாஷ் பண்ணிக்கிட்டுத்தான் நின்ன. ஆப்பரேஷனுக்குத் தள்ளிக்கிட்டுப் போறப்பவும் பண்ணுன. நீ சிரிச்சா, என்னமோ பெருசா வருது, இவன் மறைக்கான்னு எனக்குத் தோணிரும். ஒரு தடவையாவது நெசத்தச் சொல்லு."

படியில் உட்கார்ந்தேன்.

"பயமா இருக்குக்கா" என்றேன். "ஆப்பரேஷன் ஆன நாள்ல இருந்து. ஒவ்வொரு வாரமும் மூணு தடவை மெஷின ஓட்டுதேன்."

உள்ளே அவளும் தரையில் உட்கார்கிற சத்தம் கேட்டது.

"எனக்குந்தாம்லே" என்றாள். "நீ ரத்தம் எடுத்துக்கிட்டுப் போனா, போன் வாரவரைக்கும் நான் பல்லுல தண்ணி படாம உக்காந்திருப்பேன்."

மூன்று மாதமாக ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக இதைச் செய்திருக்கிறோம்.

உடனே போட்டோ எடுத்து மதுரைக்கு அனுப்பினோம். இன்று ஒன்றும் சொல்லமுடியாது, நாளை காலை பாருங்கள், இன்னொன்று வந்தால் கிளம்பிவிடுங்கள் என்றார்கள். அன்று நான் பின்வாசல் அறைக்குப் போகவில்லை. ஜன்னலுக்கு இந்தப்பக்கம் படியில் நான், அந்தப்பக்கம் தரையில் அவள். அம்மாவைப் பற்றிப் பேசினோம், சங்கிலியைப் பற்றிப் பேசினோம். காலையில் அவள் வயிற்றில் இருந்தது வாடி, நடுவில் கடிவாய் தெரிந்தது. எறும்பு. மாடியில் அவள் வைத்திருந்த சர்க்கரை டப்பாவில் ஒரு படையே இருந்தது. அவளே, "சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ" என்றாள்.

நான்கு வாரம் முடிந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. அக்கா கீழே இறங்கி வந்து முதல் வேலையாக என் சட்டைகளைத் துவைக்கப் போட்டாள். காருகுறிச்சிக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையில் அந்தச் சிங்கம் இன்னும் இருந்தது. எத்தனை தடவை துவைத்தும் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்குகிறது. கொடியில் காயும்போது வெயிலுக்கு எதிரே பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது.

"நாய்தாம்லே இது" என்கிறாள் அக்கா. "படுத்திருக்கு."

போன வாரம் என் ரத்தத்தை மறுபடி கண்ணாடியில் பார்த்தேன். தெருவில் கொஞ்சம் ஆள் நடமாட்டம் இருக்கிறது. அக்காவின் ரத்தத்தை இப்போது இரண்டு தடவைதான் ஓட்டுகிறேன். போனில், "பயந்துக்கிட்டேதான் ஓட்டுனேன்க்கா, எண் நல்லாருக்கு" என்கிறேன். விலாவில் அந்த விரல் இன்னும் இருக்கிறது. முன்னைப் போல அழுத்தவில்லை. இருக்கிறேன் என்று சொல்ல மட்டும் எப்போதாவது தொடுகிறது.